சரீப் நானாவின் விவாகரத்துச் சட்டம்

சட்டம் படித்தவர்கள் ஒரு வகை. சட்டம் படிக்காதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டிலும் சேராமல், படிக்காமலே சட்டம் முழுவதும் தெரிந்தவர்கள் என்று மூன்றாவது வகை ஒன்று உண்டு. இவர்களுக்கு இலவச அப்புக்காத்துகள், அதாவது காசு வாங்காத வக்கீல்கள், என்று பெயர் வைப்போம். கறுப்புக் கோட்டு கிடையாது, கந்தோர் கிடையாது, கட்டணம் கிடையாது. வாய் மட்டும் இருக்கும்.

காணி வழக்கு, கடன் வழக்கு என்றால் இவர்களுக்கு அவ்வளவு ருசி இல்லை. விவாகரத்து என்ற சொல் காதில் விழ வேண்டும். சலூனில் பாதி முகம் சவரமாகி மீதி நுரையோடு இருக்கும்போதும், கொழும்பு பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஒற்றைக்காலில் தொங்கும்போதும், கல்யாண வீட்டில் ஆறு பேரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து இறைச்சித் துண்டை வாய்க்குக் கொண்டு போகும்போதும், அந்தச் சொல் எங்கேயாவது கேட்டுவிட்டால் போதும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். திரும்பி, என்ன நடந்தது என்றோ, எத்தனை பிள்ளைகள் என்றோ கேட்பார்கள் என்று நினைக்கிறீர்களா? கேட்க மாட்டார்கள்.

"கேஸ் நிக்காது" என்பார்கள்.

ஏன் நிற்காது? அதற்கு ஒரு பொயின்ட் இருக்கும். அந்தப் பொயின்ட்டை நாட்டிலேயே இரண்டு பேர்தான் அறிவார்கள். ஒருவர் கொழும்பில் இருக்கிறார், இவர் பெயரைச் சொன்னால் அவருக்குத் தெரியும். செலவு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் குரல் இறங்கும். அக்கம்பக்கம் பார்ப்பார்கள். கேட்பவருடைய செருப்பைப் பார்ப்பார்கள். பிறகு ஒரு தொகையைச் சொல்லி, "நான் சொன்ன எண்டு ஆருக்கும் சொல்லாதீங்க" என்று முடிப்பார்கள்.

இந்த இனத்தில் நான் கண்ட மிகச் சிறந்த உருப்படி மதுரங்குளியில் இருந்தார். பெயர் சரீப். ஊர் முழுவதற்கும் சரீப் நானா.

சரீப் நானாவுக்குச் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணி மெசின் திருத்தும் கடை ஒன்று. கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களிலும் முந்தல் பக்கத்து இறால் பண்ணைகளிலும் மூச்சு நின்றுபோன மெசின்களெல்லாம் அவருடைய சிமெந்துத் தரைக்கு வந்து சேரும். அவர் கை வைத்தால் இருமிக்கொண்டே எழுந்து ஓடும். மெசின் விசயத்தில் அவரைப் போல நிதானமான ஒருவரை நான் பார்த்ததில்லை. "என்ன கோளாறு நானா?" என்று கேட்டால், "தொறந்து பாக்காம சொல்லேலாது" என்பார். இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார். பிளக்கைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, ஊதி, முகர்ந்து, அதற்குப் பிறகும் "இதுவா இருக்கலாம்" என்றுதான் சொல்வார்.

அதே மனிதர், ஒரு குடும்பத்தைத் திறந்து பார்க்காமலே அரை நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

நீதிமன்றத்தில் அவருக்கு அனுபவம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. லொறி ஒன்று மாட்டை இடித்த வழக்கில் சாட்சியாக நாலு தவணை போயிருக்கிறார். நாலு தவணையும் வழக்கு எடுபடவில்லை. ஐந்தாவது தவணைக்கு முன் லொறிக்காரரும் மாட்டுக்காரரும் சமாதானமாகிவிட்டார்கள். ஆனால் நாலு நாள் நீதிமன்ற விறாந்தையில் நின்றவரின் காதில் எவ்வளவு சட்டம் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யுத்தம் முடிந்து நாலு வருடம் ஆகியிருந்த காலம். காப்பெட் ரோட்டு புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த முஸ்லிம்களில் சிலர் ஊருக்குத் திரும்பிப் போனார்கள், சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், சிலர் இங்கேயே வேர்விட்டிருந்தார்கள். மூன்றாவது வகையில் ஒருவர் நூஹு. குத்தகைக் காணியில் வெங்காயம் போடுபவர். அவருடைய மகள் றிஸ்மினா, வந்தபோது கைக்குழந்தை. இப்போது அவளுக்கே அக்கீலா என்று ஐந்து வயது மகள். சரீப் நானாவின் கடை ஒழுங்கையில் மூன்றாவது வீடு றிஸ்மினாவுடையது. தையல்காரி. அவள் தைத்த அபாயாவில் தையல் பிரிந்ததாக யாரும் முறைப்பாடு கொண்டுவந்ததில்லை.

அவளுடைய கல்யாணத்தில்தான் தையல் பிரிந்திருந்தது. கணவன் ஸப்ரான் கட்டாருக்கு டிரைவராகப் போனான். முதல் வருடம் காசு வந்தது, இரண்டாம் வருடம் கோல் மட்டும் வந்தது, மூன்றாம் வருடம் ஆளே வந்தான், ஆனால் மதுரங்குளிக்கு வரவில்லை. கற்பிட்டியில் உம்மா வீட்டோடு இருந்துவிட்டான். பெருநாளைக்கும் வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியும் வரவில்லை. வராத மனிதன் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. புத்தளம் டவுனில் ஒரு பெண்கள் நிலையத்தில் தையல் சொல்லிக்கொடுக்க றிஸ்மினாவைக் கூப்பிட்டார்கள், மாதச் சம்பளத்தோடு. அந்தச் செய்தி எப்படியோ கற்பிட்டிக்குப் போனது. ஊருக்கு வந்ததிலிருந்து பேசாதவன் அன்றைக்கு மட்டும் போன் எடுத்தான்.

"நான் இன்னும் ஒன்ட மாப்பிள்ளதான். என்னக் கேக்காம எங்கயும் போகேலாது."

அன்றிரவு றிஸ்மினாவுக்கு உறக்கம் வரவில்லை. பிரிந்திருப்பதை அவள் பழகிக்கொண்டிருந்தாள். கட்டப்பட்டிருப்பதும் பிரிந்திருப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது அவளுக்குப் புதிது. விட்டுவிடுவதென்று முடிவு செய்தாள். ஆனால் எங்கே போவது, யாரைக் கேட்பது, என்ன செலவாகும்? மறுநாள் வாப்பாவின் தண்ணி மெசினைத் திறீவீலில் ஏற்றிக்கொண்டு சரீப் நானாவின் கடைக்கு வந்தாள். மெசினை இறக்கிய பிறகும் நின்றாள்.

"நானா, எனக்கில்ல, என்ட கூட்டாளி ஒருத்திக்கு ஒரு விசயம் கேக்கணும்."

கூட்டாளிக்கென்று வருகிற கேள்வி யாருடையது என்பது உங்களுக்கும் தெரியும், சரீப் நானாவுக்கும் தெரியும். ஸ்பனரைக் கீழே வைத்தார். துணியில் கை துடைத்தார். மெசினுக்குக் காத்திருந்த இரண்டு பேரும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள்.

"கூட்டாளிட மாப்பிள்ள எங்க இருக்கிற?"

"கற்பிட்டில, உம்மா வீட்ட."

"செலவு குடுக்கிறாரா?"

"மூணு வருசமா இல்ல."

"அப்ப கேஸ் இருக்கு" என்றார் சரீப் நானா. றிஸ்மினாவின் முகம் தெளிந்தது. "ஆனா நிக்காது."

அவள் முகம் விழுந்தது.

"அப்ப என்ன செய்ற நானா?"

"கொழும்புல ஒரு அப்புக்காத்து வெக்கணும். இங்கத்த ஆக்கள் சரிவராது. பேப்பர் போட்டு, சம்மன் அனுப்பி, தவணை தவணையாப் போகும். முதல்ல ஒரு தீர்ப்பு வரும். அது தீர்ப்பில்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொண்டு வரும், அதுதான் தீர்ப்பு."

"எவ்வளவு முடியும்?"

குரல் இறங்கியது. "ஒண்டரை. ரெண்டு. ஆள் வக்கரிச்சா மூணும் போகும்."

லட்சம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. அது சபைக்குத் தானாகவே விளங்கியது. இருவரும் தலையாட்டினார்கள்.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது? பொய் என்று சொல்ல முடியாது. உடப்பைச் சேர்ந்த சிவகரன் என்ற இறால் பண்ணைக்காரர் முந்திய வருடம்தான் சிலாபத்தில், மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து எடுத்திருந்தார். மெசின் திருத்த வந்த இடத்தில் தன் கதையை ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டுப் போனார். அப்புக்காத்து வைத்தது, மனைவி தன்னை விட்டுப்போனதை நிரூபித்தது, முதல் தீர்ப்பு, மூன்று மாதம் கழித்து முடிந்த தீர்ப்பு, எல்லாம் உண்மை. சிவகரனுக்கு உண்மை. அவருடைய கல்யாணம் பொதுச் சட்டப்படி எழுதப்பட்டது, ஆகவே அவர் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். றிஸ்மினாவின் கல்யாணம் முஸ்லிம் விவாகச் சட்டப்படி எழுதப்பட்டது. அவள் போக வேண்டிய இடம் காதி நீதிமன்றம். இரண்டு கதவு, இரண்டு வழி, இரண்டு செலவு. உடப்பு மெசினின் உதிரிப்பாகத்தைக் கற்பிட்டி மெசினுக்குப் போடுவீர்களா என்று கேட்டிருந்தால் சரீப் நானா சிரித்திருப்பார். ஆனால் யார் கேட்பது?

அதற்குப் பிறகு றிஸ்மினா வாராவாரம் வந்தாள். வாராவாரம் சட்டம் திருத்தப்பட்டது. பாராளுமன்றம் கூடாமலே இவ்வளவு வேகமாகச் சட்டம் திருத்திய நாடு வேறெங்கும் இருக்காது. முதல் வாரம், வீட்டை விட்டு வெளிக்கிட்டால் உரிமை போய்விடும் என்றார். ஆகவே அவள் புத்தளம் வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம், முதலில் வழக்குக்குப் போகிறவர்தான் தோற்றவர் என்றார். மூன்றாம் வாரம், பிள்ளைக்குச் செலவு கேட்கவே கூடாது, கேட்டால் "நீங்க இன்னும் பொஞ்சாதிதான் எண்டு ஒத்துக்கிட்ட மாதிரி" என்றார். ஆகவே அக்கீலாவின் பள்ளிக்கூடச் சப்பாத்துக்குக்கூட அவள் கற்பிட்டிக்குச் சொல்லி அனுப்பவில்லை. நோன்பு வந்து போனது. அதற்குள் இன்னொரு புதிய சட்டம் பிறந்தது: ஏழு வருடம் பிரிந்திருந்தால் கல்யாணம் தானாகவே வெட்டுப்பட்டுவிடும், ஒரு சதமும் செலவில்லை.

"இப்ப மூணு முடிஞ்சிட்டு" என்றார் சரீப் நானா, நல்ல செய்தி சொல்கிறவர் போல. "இன்னும் நாலுதானே."

றிஸ்மினா வீட்டுக்குப் போய் நாலைக் கூட்டிப் பார்த்தாள். அவளுக்கு இருபத்தெட்டு ஆகிவிடும். அக்கீலா அப்போது ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசில் எழுதிக்கொண்டிருப்பாள். ஏழு வருடச் சட்டத்தைக் கைவிட்டு, கொழும்பு அப்புக்காத்தையே வைப்பதென்று தீர்மானித்தாள். அதற்காக ஒரு சீட்டுப் பிடித்தாள். இரவு பகலாகத் தைத்தாள். ஒரு வருடம் அப்படிப் போனது.

இங்கே வாசகரிடம் ஒன்று சொல்ல வேண்டும். சரீப் நானா கெட்டவர் அல்லர். றிஸ்மினாவிடம் ஒரு சதம் வாங்கியதில்லை. நூஹுவின் மெசினை அரை விலைக்குத் திருத்திக் கொடுத்தார். அவளுக்காக உண்மையாகவே கவலைப்பட்டார். அதுதான் இந்த இனத்தோடு உள்ள தொல்லை. கெட்டவர்களாக இருந்தால் நாம் எச்சரிக்கையாக இருந்திருப்போம்.

சீட்டு விழுந்த அன்று காலையில் றிஸ்மினா கடைக்கு வந்தாள். சரீப் நானா இல்லை. உச்சமுனைக்குப் படகில் ஒரு மெசின் பார்க்கப் போயிருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. சித்தி லெய்லா என்ற பெயருடைய அவருடைய மனைவி கதவடியில் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கடைக்கு வருகிறவர்களுக்கு அவளைத் தெரியாது, அவள் போட்டு அனுப்பும் பிளேன்டீயைத்தான் தெரியும்.

"உள்ளுக்கு வாங்க மகள்."

"இல்ல ராத்தா, நானாவ பாக்கணும். கொழும்பு அப்புக்காத்துக்குக் காசு சரி. ஆரிட்ட குடுக்கிறது எண்டு கேக்க வந்த."

சித்தி லெய்லா கதிரையை இழுத்துப் போட்டாள்.

"காதிக் கோட்டுல அப்புக்காத்து வந்து பேசேலாது மகள்."

"ஆரு சொன்ன?"

"சட்டம் அப்படித்தான். நீங்கதான் பேசணும். அவர் அவருக்குப் பேசணும். அவ்வளவுதான்."

றிஸ்மினா மடியிலிருந்த காசுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ட தங்கச்சி மர்ளியா பஸஹ் எடுத்த. பொம்பள கேட்டு எடுக்கிற விவாகரத்துக்கு பஸஹ் எண்டுதான் பேர். பதினொரு மாசம். எல்லா நாளும் நான்தான் கூடப் போன. சாட்சியும் சொன்ன." அவள் விரல்களை மடக்கி எண்ணவில்லை, சமையல் சொல்கிறவள் போல ஒழுங்காகச் சொன்னாள். "கல்யாணப் பதிவுத் துண்டு, பிள்ளைட பிறப்புத் துண்டு, ரெண்டையும் போட்டோக்கொப்பி அடிக்கணும். நடந்ததை நீங்களே ஒரு கடுதாசியில எழுதிக் குடுக்கணும். காதியார் அவருக்கு அறிவித்தல் அனுப்புவார். முதல்ல சேத்துவைக்கத்தான் பாப்பார், அதுக்குக் கோபப்படக்கூடாது. அது சரிவராட்டி விசாரணை. கூட மூணு பேர் இருந்து கேப்பாங்க. உங்களுக்கு ரெண்டு சாட்சி வேணும். பிள்ளைச் செலவை இப்பவே தனியாக் கேக்கலாம், பஸஹ் முடியும் வரைக்கும் நிக்கத் தேவையில்ல. தீர்ப்பு பிழை எண்டு பட்டா மேல காதிமார் சபைக்கு அப்பீல் போடலாம்."

"செலவு?"

"பஸ் காசு. கொப்பி காசு. போற நாளையில தையல் இல்ல, அந்தச் சம்பளம் போகும். அதுதான் பெரிய செலவு." பிறகு சேர்த்துச் சொன்னாள்: "ஆனா எனக்குத் தெரிஞ்சது ஒரு கேஸ்தான் மகள். உங்கட கேஸ் வேற மாதிரிப் போகலாம். காதியாரிட்டயே கேளுங்க."

றிஸ்மினா அழவில்லை. கோபம்தான் வந்தது, யார்மீது என்று தெரியாத கோபம்.

"ஒண்டரை வருசமா இங்க வந்து போறன் ராத்தா. நீங்க ஒரு சொல்லுச் சொல்லலியே."

"முதல் நாளே இவருக்கிட்ட சொன்ன, இது காதியார்ர விசயம் எண்டு. ஒனக்கென்ன தெரியும் எண்டார்." சித்தி லெய்லா முந்தானையைச் சரிசெய்தாள். "அதோட விட்டுட்டன். விட்டது பிழைதான். நாளைக்குப் போவமா?"

மறுநாளே போனார்கள். காதியாருக்குத் தலை நரைத்திருந்தது, குரல் மெதுவானது. கடுதாசியை இரண்டு தடவை வாசித்தார். பிள்ளைச் செலவுக்கும் பஸஹுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கினார். "இவ்வளவு நாளா ஏன் வரல்ல?" என்று மட்டும் கேட்டார். றிஸ்மினா சித்தி லெய்லாவைப் பார்த்தாள். சித்தி லெய்லா யன்னலைப் பார்த்தாள். "வழி தெரியல்ல" என்றாள் றிஸ்மினா.

முதல் தவணைக்கு ஸப்ரான் வரவில்லை. இரண்டாவதுக்கும் வரவில்லை. அதற்குள் சரீப் நானாவுக்கு விசயம் தெரிந்துவிட்டது. தன் மனைவி சொல்லித்தான் றிஸ்மினா போனாள் என்பதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க மெசின்களோடு மட்டும் பேசினார். மறுநாள் தெளிந்துவிட்டார். "நான்தான் காலம் பாத்து வெச்சிருந்த. இப்ப சரியான நேரம்" என்றார். மூன்றாவது தவணைக்குத் தானும் வருவதாக அறிவித்தார். வெள்ளைச் சாரம், இஸ்திரி போட்ட சேர்ட், கக்கத்தில் ஒரு பைல். பைலில் என்ன இருந்தது என்று நான் பிறகு விசாரித்தேன். பழைய கரண்ட் பில்.

அன்று ஸப்ரான் வந்திருந்தான். எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். சரீப் நானாவும் நுழைந்தார்.

"நீங்க ஆரு?" என்றார் காதியார்.

"நான் இவங்களுக்கு ஆலோசனை சொல்ற."

"சாட்சியா?"

"இல்ல. சாட்சி என்ட பொஞ்சாதி."

"அப்ப அவங்க இருக்கட்டும். நீங்க வெளியில இருங்க."

வெளியே நீளமான வாங்கு ஒன்று இருந்தது. அதில் தங்கள் முறைக்குக் காத்திருந்த ஐந்தாறு பேர் இருந்தார்கள், எல்லோரும் விவாகரத்துக்காரர்கள். மீனைத் தூக்கிக் களப்பில் போட்டதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் மூன்று பேருடைய கேஸ் நிற்காது என்று தீர்ந்துவிட்டது.

உள்ளே காதியார் முதலில் றிஸ்மினாவைத் தனியாக விசாரிக்க விரும்பினார். ஸப்ரானைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அவன் வந்து வாங்கில் உட்கார்ந்தான். முகத்தில் பயம். சரீப் நானா ஸப்ரானை அதற்குமுன் கல்யாணத்தன்று ஒரு தடவைதான் பார்த்திருந்தார். அன்று மெலிந்த பையன். இப்போது தாடியும் தொந்தியுமாக வேறு ஆள். உள்ளே போன வேகத்தில் வெளியேற்றப்பட்டதால் முகங்களைப் பார்க்கவும் நேரம் கிடைக்கவில்லை. ஸப்ரானோ அந்த நேரம் பயத்தில் தலை குனிந்து நின்றவன், வெளியேற்றப்பட்டவர் யார், என்ன சொன்னார் என்று கவனிக்கவே இல்லை.

"என்ன தம்பி, செலவு கேசா?" என்றார்.

"ஓம் நானா. அஞ்சு வருசமாக் குடுக்கல்ல. கேட்டா என்ன சொல்றது எண்டு தெரியல்ல. சுகமில்லாம இருந்த எண்டு சொல்லுவமா எண்டு யோசிக்கிறன்."

"பொய் சொல்லாதீங்க. சட்டத்தைச் சொல்லுங்க. செலவு குடுத்தா பிழைய ஒத்துக்கிட்ட மாதிரி, அதால வேணுமெண்டுதான் குடுக்கல்ல எண்டு நேராச் சொல்லுங்க. கேஸ் நிக்காது."

ஸப்ரானின் முகத்திலிருந்த பயம் போனது. நானாவின் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, கூப்பிட்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

உள்ளே நடந்ததைச் சித்தி லெய்லா எனக்குச் சொன்னாள். காதியார் கேட்டார்: "அஞ்சு வருசமாப் பிள்ளைக்குச் செலவு குடுத்தீங்களா?"

"இல்ல."

"வசதி இல்லாமலா?"

"வசதி இருந்திச்சி. வேணுமெண்டுதான் குடுக்கல்ல. குடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

கூட இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். காதியார் பேனாவை நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்க சொன்னதை அப்படியே எழுதட்டா?"

"ஓம், எழுதுங்க. அதுதான் சட்டம்."

"ஆரு சொன்ன?"

"வெளியில ஒரு நானா இருக்கார். பைலோட."

காதியார் எழுதினார். எழுதி முடித்து, கையொப்பம் வாங்கினார். பிறகும் முறைப்படி நூஹுவிடமும் சித்தி லெய்லாவிடமும் சாட்சியம் கேட்டார். கட்டாரிலிருந்து வந்த பிறகு ஸப்ரான் ஒருநாளும் வாசற்படி மிதிக்காததை இருவரும் சொன்னார்கள். ஆனால் இவ்வளவு தெளிவாக எந்தச் சாட்சியும் சொல்லியிருக்க முடியாது. இரண்டு தவணைக்குப் பிறகு, விண்ணப்பம் கொடுத்து எட்டாவது மாதத்தில், பஸஹ் தீர்ப்பானது. அக்கீலாவுக்கு மாதாமாதம் செலவு கொடுக்கும்படி கட்டளையும் வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது றிஸ்மினா யன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஒரு மைல் தாண்டியது. "என்ன மகள்?" என்றாள் சித்தி லெய்லா.

"சந்தோசமா இருக்கும் எண்டு நினைச்ச ராத்தா. பல்லுப் புடுங்கின மாதிரி இருக்கு. நோவு இல்ல. ஆனா நாக்கு அங்கயேதான் போகுது."

"போகும்" என்றாள் சித்தி லெய்லா. "மர்ளியாக்கும் கொஞ்ச நாள் போன."

எல்லாம் நல்லபடி முடிந்ததென்று நான் சொல்ல வரவில்லை. ஸப்ரான் முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் செலவு கட்டினான், நாலாம் மாதம் நிறுத்தினான், அவள் மறுபடி காதியாரிடம் போனாள், மறுபடி கட்டினான். அப்படித்தான் போகிறது. ஆனால் இப்போது அவளுக்கு வழி தெரியும். விவாகரத்துக்குப் பிறகு காத்திருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும் புத்தளம் பெண்கள் நிலையத்துக்குப் போய், அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். அது இல்லை. வேறு ஒன்று இருந்தது, சம்பளம் கொஞ்சம் குறைவு. சேர்ந்துவிட்டாள். சீட்டுக் காசில் ஒரு ஜுக்கி தையல் மெசின் வாங்கினாள். கொழும்பு அப்புக்காத்தின் முகத்தை அவள் கடைசிவரை காணவில்லை. கட்டளை வந்த அன்று அக்கீலாவுக்கு அவள் சொன்னது ஒரே விசயம்: "இனி வாப்பா செலவு அனுப்புவார், ஆனா வேலைக்குப் போக உம்மா அவரிட்டக் கேக்கத் தேவையில்ல." பிள்ளை, "அப்ப ஆரிட்டக் கேக்கிற?" என்றாள். றிஸ்மினா நினைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாளாம்.

சரீப் நானாவுக்கு என்ன ஆனது? நீங்கள் அவர் வெட்கப்பட்டு வாயை மூடியிருப்பார் என்று எதிர்பார்த்தால், இந்த இனத்தைப் பற்றி நான் இதுவரை சொன்னது உங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஸப்ரான் உள்ளே சொன்னதை மனைவி வீட்டில் சொல்ல, முதலில் அவர் முகம் வெளுத்தது. இரண்டு நிமிடம் மௌனமாக இருந்தார். அவருடைய வாழ்க்கையிலேயே நீண்ட மௌனம் அது. பிறகு, "அப்ப கேஸை வெண்டு குடுத்தது நான்தானே" என்றார். உண்மைதான், மறுக்க முடியவில்லை. அடுத்த வாரமே கடைக்கு வந்தவர்களிடம் அதை அப்படியே சொன்னார்: எதிர்த்தரப்பின் வாயால் உண்மையைக் கறக்கும் பொயின்ட் நாட்டில் இரண்டு பேருக்குத்தான் தெரியுமாம். ஒரேயொரு மாற்றம். இப்போதெல்லாம் பெண்கள் யாராவது கூட்டாளிக்கென்று கேள்வி கொண்டுவந்தால், பேசி முடித்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "உள்ளுக்குப் போய் அவங்களையும் ஒருக்காக் கேளுங்க" என்கிறார். ஏன் என்று சொல்வதில்லை.

இதை வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஒரு சொல். இடையில் எங்கேயோ நீங்கள் என்னைத் திருத்தினீர்கள். எட்டு மாதமெல்லாம் ஆகாது, எங்கள் மச்சினிச்சிக்கு மூன்றே மாதத்தில் முடிந்தது என்று நினைத்தீர்கள். அல்லது எட்டு மாதத்திலா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி மூன்று வருடம் நடந்தாள் என்று நினைத்தீர்கள். சிவகரனின் வழக்கு அப்படிப் போயிருக்காதே என்று புருவத்தை உயர்த்தினீர்கள். பரவாயில்லை, நான் கோபித்துக்கொள்ளவில்லை. நான்கூடக் காதி நீதிமன்றத்தைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். ஒருநாளாவது உள்ளே போயிருக்கிறேனா என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். ஆனால் நாளைக்கு யாராவது தலையைக் குனிந்துகொண்டு உங்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், ஒன்றும் சொல்வதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: உங்கள் கல்யாணம் எந்தச் சட்டப்படி எழுதப்பட்டது? பதில் வந்ததும், அந்தச் சட்டம் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று வழி காட்டிவிட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள்.

"இதைத்தானே நானும் சொல்லியிருப்பேன்" என்று இப்போது உங்கள் உதடு அசைந்ததா?

அசைந்ததென்றால், நான் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் பிளேன்டீ போடுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.